மலையிலிருந்து வீடு வரை: பழைய லேண்ட் ரோவரை இறக்கிக் கொண்டுவருவது எப்படி?

விலை பேசி முடித்தாயிற்று. முன்பணமும் கைமாறிவிட்டது. கேமரன் மலையில் ஏதோ ஒரு காய்கறிக் கொல்லையின் தகரக் கொட்டகைக்குள் உங்கள் லேண்ட் ரோவர் நிற்கிறது. இனி அதை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கிள்ளானுக்கோ கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு நாளைப் பற்றியும், அதற்கு முந்தின நாளைப் பற்றியும், பிந்தைய வாரத்தைப் பற்றியும் இந்த அத்தியாயம் பேசுகிறது.

விற்பவரிடம் வண்டி எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "தினமும் ஓடுது அண்ணே, ஒரு கோளாறும் இல்லே." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தினமும் ஓடியது எங்கே? கொல்லையிலிருந்து பொதி கட்டும் கொட்டகைக்கு. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும். மணிக்கு 20 கிலோமீட்டருக்குள். அப்படி ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டிக்கு 60 கிலோமீட்டர் தொடர் இறக்கமும், அதற்குப் பிறகு வரும் வெயிலடிக்கும் தார்ச்சாலையும் புது உலகம். வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பப் பயணத்தைத் திட்டமிடுங்கள். இந்த அத்தியாயத்தின் மற்ற அறிவுரைகள் எல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

வண்டி என்ன வேலை பார்த்தது?

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்டது. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிய வண்டி அது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு. சட்டம் மட்டும் எஃகு. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. படைக்கும் போலீசுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் காட்டுப்பாதையில் போகும் வண்டி தேவைப்பட்ட காலம் அது. பின்னாளில் அந்த வண்டிகள் கைமாறின. துரை ஏறிப் போன வண்டியில் முட்டைக்கோசு ஏறியது.

மலையில் இன்று விலைக்கு வரும் பழைய வண்டிகளை அவற்றின் வேலையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

*தேயிலைத் தோட்ட வண்டி.* 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் ஆகட்டும், பிரிஞ்சாங்கை அடுத்த சுங்கை பாலாஸ் ஆகட்டும், உள்பாதைகள் ஒரு வண்டி அகலத்தில் மலைச்சரிவை வளைத்துப் போகும். அப்படிப்பட்ட பாதையில் கிளட்சும் கீழ் கியர்களும் தேயும். ஸ்டியரிங் மூட்டுகள் ஆடும். பராமரிப்பு ஓரளவு ஒழுங்காக இருந்திருக்கும்.

*காய்கறிக் கொல்லை வண்டி.* இதற்குப் பகை கோழி எருவும் ரசாயன உரமும். இரண்டும் ஈரத்தோடு சேர்ந்து சட்டத்தின் பின் குறுக்குக் கட்டையையும், எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடங்களையும் தின்றுவிடும். மேலே கருப்புப் பெயிண்ட் தடவியிருந்தால் கண்ணை நம்பாதீர்கள். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன எஃகு பொத்தென்று அடங்கும்.

*சுற்றுலா வண்டி.* 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் பாசிக்காட்டுக்கும் ஆட்களை ஏற்றியது. தினமும் ஏறி இறங்கியதால் பிரேக்கும் பின் அச்சுத் தண்டுகளும் அடி வாங்கியிருக்கும். ஆனால் தார்ச்சாலைப் பழக்கம் உள்ள வண்டி இது ஒன்றுதான். மூன்றில் எதையாவது அன்றே ஓட்டி வரலாம் என்றால் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கெரான் முதலில், சாவி பிறகு

உள்பாதையிலேயே காலம் கழித்த வண்டிகளில் சாலை வரி புதுப்பித்துப் பல ஆண்டுகள் ஆனவையும் உண்டு. இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே கெரான், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம், இருக்கும் வண்டிகளும் உண்டு. அப்படியானால் மகன் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. நீதிமன்றம், அமானா ராயா போன்ற இடங்களில் பெற்ற வாரிசுப் பத்திரம் வேண்டும். அது கைக்கு வரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் கெரானில் உள்ள எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். சீரிஸ் டூ-ஏ, சீரிஸ் த்ரீ வண்டிகளில் சட்ட எண், முன்பக்க வலது ஸ்பிரிங் தாங்கியில் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் பெயிண்டும் மூடியிருக்கும். கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தால் தெரியும். இஞ்சின் எண் பிளாக்கின் இடப்புறம் முன்பக்கம் இருக்கும். ஜப்பானிய டீசல் இஞ்சின் மாற்றிப் பொருத்திய வண்டிகளும் மலையில் ஓடுகின்றன. மாற்றியதில் தவறில்லை. அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறாவிட்டால் பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் 'பி5' பரிசோதனையிலேயே வண்டி நின்றுவிடும். வண்டி மீது தீர்க்கப்படாத சம்மன் இருக்கிறதா என்பதையும் விற்பவரைக் கூட வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விற்றவரின் பழைய காப்புறுதியை நம்பி ஓட்டாதீர்கள். வண்டி கைமாறியதும் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது. பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி வேண்டுமென்றால், விபத்து நடந்தால் எவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைப் பத்திரம் இருக்கிறதா என்று முகவரிடம் கேளுங்கள். சந்தை விலை என்று எழுதிய பத்திரத்தில் 50 வயது வண்டிக்கு என்ன விலை போடுவார்கள் என்பது கடைசியில்தான் தெரியவரும்.

சொந்தச் சக்கரமா, லாரி முதுகா?

பழைய வண்டியை வாங்கிய அன்றே ஓட்டிக்கொண்டு போக எல்லாருக்கும் ஆசைதான். அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கீழ்க்கண்டவற்றுக்கு விடை சொல்லுங்கள்.

- சாலை வரியும் காப்புறுதியும் இன்றைய தேதியில் செல்லுமா?
- பிரேக் கால்மிதியை ஒரே தடவை அழுத்தினால் கல் மாதிரி நிற்கிறதா?
- டயர்களின் பக்கச் சுவரில் வெடிப்பு இல்லாமல் இருக்கிறதா?
- வண்டி கடந்த ஒரு மாதத்துக்குள் தார்ச்சாலையில் 20 கிலோமீட்டராவது ஒரே மூச்சில் ஓடியிருக்கிறதா?
- உங்களுக்குப் பின்னால் இன்னொரு காரில் வர ஆள் இருக்கிறதா?

ஐந்தில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் லாரியை அழையுங்கள். மேடை சாயும் லாரிதான் வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை உருளவிட்டு இழுக்கும் லாரி வேண்டாம்.

லாரியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. சீரிஸ் லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. அதனால் கைப்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி கொஞ்சம் முன்னும் பின்னும் அசையும். கைப்பிரேக்கோடு கியரிலும் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். பட்டையை அச்சுகளில் கட்டச் சொல்லுங்கள், பம்பரில் வேண்டாம். பின் பம்பர் என்று நீங்கள் நினைப்பதுதான், உரம் தின்ற அந்தக் குறுக்குக் கட்டை.

பாதையில் டயர் பஞ்சரானாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கிய மறுகணம் கைப்பிரேக்குக்கு வேலையே இல்லை. தூக்கிய சக்கரம் சும்மா சுழல, வண்டி உருண்டுவிடும். கட்டை வைக்காமல் அடியில் குனியாதீர்கள்.

எந்தப் பாதை, எந்த நாள்?

மலையிலிருந்து இறங்க நான்கு வழிகள் உண்டு.

தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்குப் போகும் பழைய பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1930களின் தொடக்கத்திலிருந்து மலைக்கு உயிர்நாடியாக இருந்தது இதுதான். குறுகலானது, வளைவுகள் அதிகம். ஆனால் வளைவுகளே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். மெதுவாகப் போகும் வண்டியைப் பார்த்துப் பழகிய பாதை. இடையில் லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் நிறுத்தி இளைப்பாற இடம் உண்டு.

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்குப் போகும் புதிய பாதை அகலமானது. அகலமே இங்கே ஆபத்து: நீண்ட நேரான இறக்கங்களில் வண்டி தானாக வேகம் பிடிக்கும், பின்னால் காய்கறி லாரிகள் நெருக்கும். டிரம் பிரேக் வண்டிக்கு இதைவிடத் தாப்பா பாதையே மேல்.

ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாக ரவுப் போகும் பாதை பகாங் உட்பகுதிக்குப் போவோருக்கு. கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாகக் குவா மூசாங் போவது கிளந்தான்காரர்களுக்கு. இரண்டிலும் உதவி கிடைக்கும் இடங்கள் தூரம் தூரமாக இருக்கும். முதல் பயணத்துக்கு உகந்தவை அல்ல.

வார இறுதியும் பள்ளி விடுமுறையும் வேண்டாம். பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் அந்த நாள்களில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஊர்வதில்தான் பழைய ரேடியேட்டர் கொதிக்கும். வாரத்தின் நடுநாள் ஒன்றில், பனிமூட்டம் கலைந்த காலையில் புறப்படுங்கள். மதியத்துக்கு மேல் மழை வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. மண்சரிவுச் செய்திகளைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். இரவில் இறங்குவது என்ற பேச்சே வேண்டாம்.

முந்தின நாள் வேலை

மலையிலேயே ஓர் இரவு தங்குங்கள். பரிசோதனையை வெளிச்சத்தில் செய்துவிட்டால், குறை தெரிந்தாலும் உள்ளூர்ப் போமனிடம் (மெக்கானிக்கிடம்) சரிசெய்ய நேரம் கிடைக்கும். லேண்ட் ரோவரைப் பிரித்து மாட்டிய கை மலையில் இருக்கும் அளவுக்குக் கீழே கிடைப்பது கடினம்.

*பிரேக்.* கால்மிதியை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் உயர்கிறது என்றால் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது பிரேக் கட்டைகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். நான்கு சக்கரத்தின் உட்புறமும் டார்ச் அடித்துப் பாருங்கள்; ஈரம் இருக்கக்கூடாது. பழைய சீரிஸ் வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். எங்கோ ஓரிடத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். சந்தேகம் இருந்தால் வண்டி லாரியில் ஏறட்டும்.

*டயர்.* பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று மகிழாதீர்கள். கொல்லையில் மெதுவாக ஓடிய டயர் தேயாமலே முதுமை அடைந்துவிடும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு போடுங்கள்.

*எண்ணெய்.* இஞ்சினில் மட்டும் பார்த்தால் போதாது. கியர்பெட்டி, அதை ஒட்டிய துணைப்பெட்டி, முன் அச்சு, பின் அச்சு, முன்சக்கரத் திருப்புக் குண்டுகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவுத் திருகு உண்டு. பழைய லேண்ட் ரோவர் தரையில் ஒரு சொட்டும் விடவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லையோ என்றுதான் ஐயப்பட வேண்டும்.

*எரிபொருள்.* மெதுவாக ஓடிய வண்டியின் தொட்டி அடியில் வண்டல் படிந்திருக்கும். சாலை வேகத்தின் அதிர்வில் அது கலங்கி வடிகட்டியை அடைக்கும். மாற்று வடிகட்டி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எரிபொருள் அளவு காட்டும் முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். டீசல் வண்டி என்றால் இன்னொன்று: 2019 முதல் நாட்டில் விற்கும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கும். கையால் அமுக்கினால் பிசுபிசுக்கும் குழாயை மாற்றிவிடுங்கள்.

*மின்சாரம்.* 1967க்கு முந்தைய பல வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் அப்படியே தலைகீழ். இதைப் பார்க்காமல் பின்னால் வரும் காரிலிருந்து கம்பி போட்டு ஸ்டார்ட் செய்தால் இரண்டு வண்டியும் கெடும்.

*ஸ்பேனர்.* முதல் சீரிஸ் வண்டிகளில் பழைய பிரிட்டிஷ் மறைகள், பின் வந்தவற்றில் அங்குல அளவு மறைகள். மில்லிமீட்டர் ஸ்பேனர் பலவற்றில் சரியாக உட்காராது, முனைகளை மழுக்கிவிடும். சக்கர நட்டுக்கு உங்களிடம் உள்ள ஸ்பேனர் பொருந்துகிறதா என்று மலையிலேயே ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

இவற்றோடு மின்விசிறிப் பட்டை, ரேடியேட்டர் குழாய், பிளக், பாயிண்ட், பிரேக் எண்ணெய், 10 லிட்டர் தண்ணீர், கட்டுக்கம்பி, தீயணைப்பான், மரக்கட்டை நான்கு. கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். வையுங்கள். பழம் வைக்கக் குனியும்போதே சக்கர நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்று கம்பிகள்

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் புதியவர்களைக் குழப்புவது கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னும் இரண்டு கம்பிகள்.

சிவப்புக் குமிழ்க் கம்பி உயர்வேகத்துக்கும் தாழ்வேகத்துக்கும் மாற்றும். முன்னால் தள்ளினால் உயர்வேகம், பின்னால் இழுத்தால் தாழ்வேகம். வண்டி முழுவதும் நின்ற பிறகே பின்னால் இழுக்க வேண்டும். இழுத்ததும் முன்சக்கரங்களுக்கும் விசை தானாகப் போய்விடும். உயர்வேகத்திலேயே நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் மஞ்சள் குமிழைக் கீழே அழுத்த வேண்டும். அதை விடுவிக்க மேலே இழுத்தால் வராது. வண்டியை நிறுத்தி, சிவப்புக் கம்பியைப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ளினால் விடுபடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. செங்குத்தான இறக்கம்தானே, தாழ்வேகத்தில் போட்டு இறங்கலாம் என்று தோன்றும். மண்பாதையில் சரி. காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தால் அந்த வித்தியாசம் தண்டுகளை முறுக்கும். மண்ணில் சக்கரம் சறுக்கி முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் தீராது. ஸ்டியரிங் கனக்கும், கடைசியில் ஏதோ ஒரு தண்டு முறியும். முன்சக்கர மையத்தில் விடுவிப்புப் பூட்டு பொருத்தியிருந்தால், அதைத் திறந்துவிட்டுத் தாழ்வேகத்தைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் தார்ச்சாலையில் உயர்வேகம், இரண்டாம் கியர்.

சீரிஸ் டூ-ஏ வரையிலான வண்டிகளில் முதல் இரண்டு கியர்களுக்கு ஒத்திசைவு வளையம் இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க, கிளட்சை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். மலையில் ஓட்டிய பெரியவர்களுக்கு இது கால்பழக்கம். உங்களுக்கு இல்லையென்றால் தானா ராத்தாவின் சமமான தெரு ஒன்றில் கை படியும்வரை பழகுங்கள். 1971இல் வந்த சீரிஸ் த்ரீயில் எல்லா முன்னோக்கிய கியருக்கும் வளையம் உண்டு. ஸ்பீடு காட்டும் முள் ஓட்டுநருக்கு நேரெதிரே இருந்தால், முன் கிரில் பிளாஸ்டிக் என்றால், அது சீரிஸ் த்ரீ.

இறக்கம்

தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா மலையடிவாரத்தில். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்திலிருந்து, ஒன்றே கால் டன்னுக்கு மேற்பட்ட வண்டியை இறக்குகிறீர்கள். அத்தனை இறக்கத்தையும் பிரேக்காலேயே பிடித்தால் வெளிப்படும் வெப்பம் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நான்கு சிறிய டிரம்களுக்குள் அது அடங்காது. டிரம் சூடேறி விரியும், கட்டைகள் வழுக்கும், மிதித்தாலும் வண்டி நிற்காது. ஈரம் சேர்ந்த பழைய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் கால்மிதி தரையைத் தொடும்.

அந்தச் சுமையில் பெரும்பங்கை இஞ்சின் சுமக்கட்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டிலேயே, கியரைப் போட்டுவிடுங்கள்; பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போய் நடுநிலையில் மாட்டிக்கொண்டால் வண்டி உங்கள் கையில் இருக்காது. பிரேக்கைத் தொடர்ந்து தடவிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து முழுவதுமாக விடுங்கள். விடும் நேரத்தில்தான் டிரம் ஆறும்.

கைப்பிரேக்கை ஓடும் வண்டியில் இழுக்காதீர்கள். அது பின்தண்டையே பிடிப்பதால் ஒரே உலுக்கில் தண்டையோ அச்சையோ முறித்துவிடும். பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள்.

முதல் நிறுத்தம் அரை மணி நேரத்துக்குள். இறங்கி, புறங்கையை ஒவ்வொரு சக்கர மையத்தின் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் சுட்டால் கவலையில்லை. ஒன்று மட்டும் தணலாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. ஆறும்வரை காத்திருங்கள், மீண்டும் அப்படியே என்றால் லாரி.

பின்னால் வருபவர் உங்களிடமிருந்து தள்ளியே வரட்டும். அவருடைய வேலை மூன்று: பிரேக் விளக்கு எரிகிறதா, புகை என்ன நிறம், தரையில் எண்ணெய்க் கோடு விழுகிறதா என்று பார்ப்பது.

சமவெளி

தாப்பாவில் பலரும் நேரே நெடுஞ்சாலைச் சாவடிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போக வேண்டாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. உங்கள் வண்டி நிம்மதியாக ஓடுவது 60, 70. பின்னால் வரும் விரைவுப் பேருந்துக்கு அந்த வித்தியாசத்தைக் கணிக்க நேரம் இருக்காது. 1994இல் நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும்வரை எல்லாரும் போய்வந்த முதலாம் எண் கூட்டரசுச் சாலை இன்றும் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. தெற்கே போவோருக்கு பீடோர், சுங்கை, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர் ஊராகப் போகும் அந்தச் சாலையில் நிறுத்த நிழல் உண்டு, டயர்க்கடை உண்டு, சாப்பாடும் உண்டு.

சமவெளிக்கு வந்ததும் பெட்ரோல் இஞ்சினின் சுருதி மாறுவதைக் கவனிப்பீர்கள். மலையில் காற்று மெலிந்தது. அங்கே சீராக ஓடும்படி கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். கீழே காற்று அடர்ந்ததும் அதே அளவு பெட்ரோல் போதாமல் போகும். இஞ்சின் தயங்கும், வழக்கத்தைவிடச் சூடாகும். 18 பாகை குளிரில் வாழ்ந்த ரேடியேட்டருக்கு 33 பாகை வெயிலும் சேர்ந்துகொள்ளும். சூடுமானி ஏறத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இன்னும் ஏறினால் நிறுத்துங்கள். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை முன்பே அளந்துகொள்ள வேண்டும். கூரை உள்ள குட்டை அச்சு லேண்ட் ரோவரின் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் தொங்கும் கம்பியின் உயரம் என்ன?

முதல் வாரம்

வீடு வந்ததும் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஒட்டியிருப்பது வெறும் மண் அல்ல, எருவும் உரமும் கலந்த மண். ஆனால் அழுத்தக் குழாயைச் சக்கர மையங்களிலும் திருப்புக் குண்டுகளிலும் நேராகப் பீய்ச்சாதீர்கள். பழைய சீல்களைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். பிறகு இஞ்சினிலும், முந்தின நாள் பார்த்த மற்ற ஐந்து இடங்களிலும் எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மினுங்கும் தூள் தேய்மானத்தைக் காட்டும். துண்டாகக் கிடக்கும் உலோகம் உடைந்த பல்லைக் காட்டும். பிரேக் எண்ணெயும் ரப்பர் குழாய்களும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். கார்புரேட்டரைச் சமவெளிக்கு ஏற்பத் திருத்துங்கள்.

பெயிண்ட் கடைக்கு ஓடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் இப்படியே ஓட்டுங்கள். எது தேவை, எது வீண் செலவு என்று அதற்குள் வண்டியே சொல்லிவிடும். டார்ஜிலிங் தேயிலை மலைகளுக்கு மேலே, மானேபஞ்சாங் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குப் பழைய சீரிஸ் வண்டிகள் இன்னும் ஆள் ஏற்றிப் போகின்றன. 2018இல் தன் 70ஆம் ஆண்டு நிறைவின்போது லேண்ட் ரோவர் நிறுவனமே அந்த ஊரைப் படம் பிடித்துக் காட்டியது. அந்த வண்டிகளை இத்தனை காலம் ஓட வைத்தது பளபளப்பு அல்ல. தேய்ந்ததைத் தேய்ந்த உடனே மாற்றும் பழக்கம்தான்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, மீட்டர் எண், மாற்றிய பாகம், கொடுத்த பணம், ரசீது என்று முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். கொல்லையில் ஓடிய வண்டிக்குக் கடந்த காலம் என்று காகிதத்தில் ஒன்றும் இருக்காது. உங்கள் கையில் வந்த நாளிலிருந்தாவது இருக்கட்டும். நாளை நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் வண்டிக்கு ஒரு விலை சொல்வார். அந்த நோட்டைப் புரட்டிய பிறகு வேறு விலை சொல்வார்.